குதிரையை ஏற்றும் வண்டிக்கு எஃப்.சி.

1. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் குதிரை வண்டியை எஃப்.சி.க்குக் காட்டினேன்.
2. ஃபெயில்.
3. காரணங்கள் மூன்று. வலது இண்டிகேட்டர் எரியவில்லை. இடது டயரின் பக்கவாட்டில் வெடிப்பு. சக்கரங்களுக்கு மேலே உள்ள தகட்டில் துரு வழிகிறது.
4. மூன்றாவது துரு அல்ல, குங்குமம்.
5. அது குங்குமம்தான் என்று, நியூசிலாந்தின் ஒரு சிற்றூரில் மழையில் நின்றபடி, ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மெக்கானிக்குக்கு விளக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது.
6. சனிக்கிழமை நண்பகலுக்குள் அந்த வண்டியில் குதிரையை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் குதிரை எங்களிடம் இருக்காது.

*

ஊரில் இருப்பவர்களுக்குச் சில விளக்கங்கள் தேவைப்படும்.

குதிரை வண்டி என்று நான் சொல்வது குதிரை இழுக்கும் வண்டி அல்ல. குதிரை நின்றுகொண்டு பயணம் செய்யும் வண்டி. இரண்டு சக்கரம், கூரை, பின்பக்கம் கீழே இறங்கும் சாய்வுப் பலகை. காரின் பின்னால் கொக்கி போட்டு மாட்டி இழுத்துப் போக வேண்டும்.

இங்கே இதன் பெயர் ஃப்ளோட். மயிலாப்பூரில் வளர்ந்த எனக்கு ஃப்ளோட் என்றால் ஒன்றே ஒன்றுதான். தை மாதத் தெப்பத் திருவிழாவுக்குக் குளத்தைச் சுற்றி 'ஃப்ளோட் ஃபெஸ்டிவல், மாற்றுப் பாதையில் செல்லவும்' என்று போலீஸ் தட்டி வைப்பார்கள். குளக்கரையில் இருந்த நைனாவின் ஆட்டோ ஸ்டாண்டை அந்த மூன்று நாளும் லஸ் பக்கம் தள்ளிவிடுவார்கள். நைனா என்பது என் அப்பா. "சாமி தண்ணில ரவுண்டு வருது, நான் ரோட்டுல ரவுண்டு வந்துகினு கீறேன்" என்பார்.

இரண்டு வருடம் முன்பு ஜோ என்ற பெண்மணி தன் குட்டைக் குதிரையை எங்களுக்குக் குத்தகைக்குத் தர முன்வந்தார். இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டிலிருந்து பிள்ளைகள் வளரும் வீட்டுக்குக் குதிரை இடம் மாறும். உரிமை மட்டும் பழைய வீட்டிலேயே இருக்கும். போனில் ஜோ சொன்னார்: "கூடவே ஒரு ஃப்ளோட்டும் வரும். அதைச் சுத்தமா வெச்சுக்கறது உங்க பொறுப்பு."

பீப்பாய்களின் மேல் கட்டிய மேடை, சுற்றிலும் சீரியல் பல்பு, நடுவில் குதிரை. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"எந்தக் குளத்துல?" என்று கேட்டேன்.

"ரோட்டுலதான்" என்றார் ஜோ, ரொம்பப் பொறுமையாக.

இன்னொரு விளக்கம். இங்கே எஃப்.சி.யை வாரண்ட் என்கிறார்கள். வந்த புதிதில் நைனாவிடம், "நாளைக்குக் காலையில வாரண்ட் வாங்கப் போறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். "இன்னாமா தப்பு பண்ண?" என்று ஆரம்பித்தவர், தெரிந்த வக்கீலைப் பிடிக்க ஸ்டாண்டிலிருந்து ஆள் அனுப்பும் அளவுக்குப் போய்விட்டார். அதன் பிறகு நான் எஃப்.சி. என்றுதான் சொல்கிறேன்.

*

குதிரையின் பெயர் பிஸ்கட். நான் வைத்ததல்ல. பிரியம் வைத்தது என் மகள் இனியா. வயது எட்டு.

எனக்குக் குதிரை என்றால் பயம். பெசன்ட் நகர் கடற்கரையில் குதிரைமேல் உட்கார்ந்து நான் அழும் போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் குதிரை தூங்கிக்கொண்டிருக்கும். பிஸ்கட் வந்த முதல் நாள், அது என் காலருகே குளம்பை வைத்ததும் வாயில் ஆங்கிலம் வரவில்லை. "நகரு, நகரு, கால மிதிக்காத" என்றேன். அது நகர்ந்தது.

இனியா இதைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள்: பிஸ்கட்டுக்குத் தமிழ்தான் புரியும்.

அந்த முடிவின் அருமை தெரிய, மற்ற விஷயத்தையும் சொல்ல வேண்டும். இனியா ஐந்து வயதில் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டி அழைத்துப் போனேன். ஆறு வாரத்தில் வயிற்றுவலி ஆறு முறை வந்தது. விட்டுவிட்டேன். குதிரை வந்த பிறகு, லாயத்தில் வேலையாக இருக்கும்போது நைனாவுக்கு வீடியோ கால் போட்டு போனை வேலிக் கம்பியில் சாத்தி வைப்பேன். அங்கே பகல் சவாரி நேரம். அவர் பெசன்ட் நகர் சர்ச்சுக்கு ஆள் இறக்கிவிட்டு வெயிட்டிங்கில் இருந்தால், கடற்கரைக்கு நடந்துபோய், குதிரை வைத்திருக்கும் பாயிடம் கேட்டு அதன் முகத்தைக் காட்டுவார். "தோ பாரு இனியா, உன் பிஸ்கட்டுக்கு அண்ணாத்த. எப்டி கீறாரு?"

இனியா தாத்தாவிடம் ஒன்றும் பேச மாட்டாள். சிரிப்பாள். ஆனால் போனை வைத்த பிறகு, பிஸ்கட்டின் கழுத்தைத் தேய்த்தபடி, "உன் அண்ணாத்த எப்டி கீறாரு, நல்லா கீறாரா?" என்று விசாரிப்பதைக் கேட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கூச்சமும். இன்ஜினியரிங் கல்லூரியில் முதல் வாரம் நான் "பஸ் வந்துகினு கீது" என்று சொல்லி, மொத்த வகுப்பும் சிரித்தது. அன்றிலிருந்து கீது, கினு இரண்டையும் நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவினேன். கறை போய்விட்டது. அசோக் நகரில் வாழ்க்கைப்பட்டபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நைனாவிடம்கூட 'இருக்கு' என்றுதான் சொல்வேன். என் மகளுக்கு நான் சுத்தம் செய்து நீட்டிய தமிழை அவள் தொடவில்லை. நான் கழுவி ஊற்றியதை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அது குதிரையிடம் மட்டும். வேறு யாரிடமும் கிடையாது.

ஆக, போன வாரம் எங்கள் புல்வெளியின் உரிமையாளர் நிலத்தை விற்கிறார், சனிக்கிழமை நண்பகலுக்குள் காலி செய்யுங்கள் என்று தகவல் வந்தபோதும், நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறு இடம் கிடைத்தபோதும், "வண்டி தகுதியா இருந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா நான் வந்து எடுத்துக்கறேன், இன்னொரு குடும்பம் காத்துட்டு இருக்கு" என்று ஜோ சொன்னபோதும், என் கணக்கு குதிரையைப் பற்றியது மட்டுமல்ல. என் கணவர் பிரபு, "குடுத்துடலாமே, பியானோ கிளாஸ்ல சேர்த்துவிடலாம்" என்றார். பியானோவிடம் யாரும் தமிழ் பேச மாட்டார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

*

கழுவுவது எனக்குத் தொழில். பால் பவுடர் ஆலையில், குழாய்களைப் பிரிக்காமலே உட்புறம் கழுவும் அமைப்பை வடிவமைக்கிறேன். எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு காரம், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் என் மேசையில்தான் முடிவாகும். எனவே வண்டிக்கும் ஒரு பட்டியல் போட்டேன். ஒட்டிவைத்த இடம் குளிர்சாதனப் பெட்டியின் கதவு.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் முதலில் சாணியை அள்ள வேண்டும். பிறகு தரையில் உள்ள ரப்பர் விரிப்புகள் இரண்டையும் வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொன்றும் நிறை சிலிண்டர் கனம். விரிப்பைத் தூக்காமல் மேலாகத் தண்ணீர் அடித்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் மூத்திரம் அடியில் தங்கி மரப்பலகையைத் தின்றுகொண்டே இருக்கும். ஓடும் வண்டியில் தரை பெயர்ந்தால் குதிரையின் கால் ரோட்டில் இறங்கும். அதனால் மாதம் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் பலகையைக் குத்திப் பார்ப்பேன். முனை இறங்கினால் பலகை போச்சு.

பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சு முட்டும் வாயு வரும். என் அம்மாவின் கையில் இந்த வண்டியைக் கொடுத்திருந்தால் முதல் வேலை அதுதான் நடந்திருக்கும். எங்கள் தெருவில் மழை நின்றதும் வாசலில் வெள்ளையாகத் தூவாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

இன்னும் சில: பேரிங்குக்கு கிரீஸ். சாய்வுப் பலகையின் கீலுக்கு எண்ணெய். ஓட்டி வந்ததும் சக்கரத்தின் நடுவில் கை வைத்துச் சூடு பார்ப்பது, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

நைனா இதையெல்லாம் வீடியோவில் பார்த்து ரசிப்பார். முதல் முறை பார்த்தபோது நடந்த உரையாடல் இது.

"இன்னாமா இது, வண்டியா ஊடா? சன்னல்லாம் கீது."

"குதிரை ஏத்துற வண்டி நைனா."

"குதிரதான வண்டிய இஸ்துகினு போவும்? அத்த இன்னாத்துக்கு நீ வண்டில ஏத்திகினு போற?"

"தூரம் போகணும்ல."

"அதான் நாலு காலு கீதே அதுக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசெஞ்சருக்கு வந்த வாழ்வு பாரு" என்றார். பிறகு என் கையிலிருந்த ஹோஸ் பைப்பைப் பார்த்துவிட்டார். "எம்மாந் தண்ணி. ஒரு பக்கெட்டுல என் ஆட்டோவ குளிப்பாட்டி, மிச்சத்துல நானும் குளிப்பேன்."

அது உண்மை. வெள்ளிக்கிழமைதோறும் பார்த்திருக்கிறேன்.

*

புதன் மாலை நைனா கேட்டார்: "நாளிக்கி எஃப்.சி.க்குப் போற, வண்டிக்குப் பொட்டு வச்சியா?"

நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். இனியா மாற்றவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்தவள், பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துப் போய், முன்கொக்கி, நான்கு விளக்கு, இரண்டு சக்கரத்துக்கும் மேலே உள்ள தகடு என்று தாராளமாக வைத்துவிட்டாள். வெள்ளை வண்டி. நான் பார்த்தபோது நேரமாகிவிட்டது, அழகாகவும் இருந்தது. அப்படியே ஓட்டிப் போனேன்.

வழியில் மழை.

சோதனை நிலையத்தில் கிரெய்க் என்ற மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். தகட்டில் செம்பழுப்பாக வழிந்திருந்த கோடுகளை விரலால் தொட்டார். சுத்தியலால் தட்டினார்.

"தகடு கெட்டியா இருக்கு. ஆனா துரு வழியுது. எங்கிருந்து வருதுன்னுதான் தெரியல."

"அது துரு இல்ல. பொடி. ஆசீர்வாதப் பொடி." குங்குமத்துக்கு ஆங்கிலத்தில் வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

"குதிரைக்கா?"

"வண்டிக்கு."

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இன்னிக்கு டெஸ்டு, அதனால வெச்சது."

கிரெய்க் யோசித்தார். "அப்ப, என்கிட்டருந்து காப்பாத்தறதுக்கா?"

சொல்லப்போனால் அதுதான். ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் கம்ப்யூட்டர் சிரிக்கவில்லை. குறைபாடு என்று ஒருமுறை பதிந்ததை நீக்க அதில் வழி கிடையாது. 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டுமே மாற்ற முடியும், அதற்கும் எப்படிச் சரிசெய்தோம் என்று எழுத வேண்டும். கிரெய்க் ஒற்றை விரலால் தட்டினார்: 'சிவப்புப் பொடி. மதம் சார்ந்தது. துணியால் துடைக்கப்பட்டது.' இந்த நாட்டின் வாகனப் பதிவேட்டில் இனியாவின் கைவேலை நிரந்தரமாக ஏறிவிட்டது.

இண்டிகேட்டரும் டயரும் பாக்கி. மறுசோதனைக்கு வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் வரச் சொன்னார்.

*

"பொட்டு வச்சதுக்கு ஃபெயிலா? இங்க பொட்டு வைக்கலன்னாதான் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு மாரியா பாப்பாரு" என்று நைனா கொதித்தார். பிறகு தொழிலுக்கு வந்தார். "டயர்ல பட்டன் கீதா?"

பட்டன் என்பது டயரின் மேல்வரி. "முழுசா இருக்கு. நின்னு நின்னு பக்கத்துல வெடிச்சிருக்கு."

"அப்ப ஈசி. அக்கம்பக்கத்துல யார்னா ஒருத்தன்கிட்ட வாங்கி மாட்டு, காட்டு, கயட்டிக் குடு. எஃப்.சி. ஜோடி மாரி."

எஃப்.சி. ஜோடி எனக்குத் தெரியும். ஸ்டாண்டுக்குப் பொதுவாக இரண்டு நல்ல டயர்கள் இருந்தன. யாருக்கு எஃப்.சி.யோ அவர் ஆட்டோவில் ஏறும், காட்டி முடித்ததும் இறங்கும். ரோட்டில் ஓடியதை விட ஆபீசுக்குப் போய் வந்ததே அதிகம். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வாரம் விருந்தாளிபோல் சாய்ந்திருந்து போயிருக்கிறது.

பக்கத்து வீட்டு ரானின் படகு வண்டிக்கும் எங்கள் வண்டிக்கும் ஒரே அளவுச் சக்கரம். நான் ஏற்கெனவே அளந்து பார்த்திருந்தேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நைனா, சனிக்கிழமை அதே டயர்ல நாற்பது கிலோமீட்டர் போகணும். குதிரை உள்ளே நிக்கும்."

"நின்னுகினா வரும்? ஒக்காராதா?"

"உட்காராது. முழு வழியும் நின்னுட்டுத்தான் வரும்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "அப்ப வேணாம்" என்றார். "டயர் வெடிச்சா ஒக்காந்துகினு கீறவன் கம்பியப் புடிப்பான். நின்னுகினு வர்றது இன்னாத்தப் புடிக்கும்? புச்சு போடு."

வெள்ளி காலை ஆபீசுக்கு விடுப்புச் சொன்னேன். எங்கள் ஊர்க் கடையில் அந்த அளவு டயர் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து மதியம் வரும் என்றார்கள். காத்திருந்த நேரத்தில் இண்டிகேட்டர் வயரைத் துழாவினேன். காரோடு இணைக்கும் பிளக்கின் துளையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஊசியால் நோண்டி எடுத்து, களிம்பு பிடித்த கம்பி முனையை உப்புத்தாளால் தேய்த்தேன், எரிந்தது.

மிச்ச நேரம் சும்மா இருக்க முடியவில்லை. பதற்றம் வந்தால் நான் கழுவுவேன். வண்டியின் உட்புறம் முழுவதையும் வெந்நீர், சோப்பு, ஆலையில் பயன்படுத்தும் கிருமிநாசினி என்று மூன்று சுற்று தேய்த்தேன். சுவர், கூரை, மூலை, விரிப்பின் இரு பக்கமும். பால் ஊற்றி வைக்கலாம், அப்படி ஆனது.

மூன்று மணிக்கு டயர் வந்தது. நாலே முக்காலுக்கு கிரெய்க் ஸ்டிக்கர் ஒட்டினார். ஒட்டுவதற்கு முன் தகட்டை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

*

சனி காலை பத்தரைக்கு பிஸ்கட் ஏறவில்லை.

இரண்டு வருடமாக ஏறி இறங்கிய வண்டி. முன்காலைச் சாய்வுப் பலகையில் வைத்தது, மூக்கை நீட்டியது, பின்வாங்கியது. ஓட்ஸ் வாளியைக் காட்டினோம். வாளியைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பின்வாங்கியது. ஜோ வந்திருந்தார். தன் இன்னொரு ஃப்ளோட்டோடு வந்திருந்தார். கெட்ட மனுஷி அல்ல. கதவைத் திறந்துபோட்டுக் காரில் உட்கார்ந்தவர், மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றே கால். நான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பலகையின் சாய்வு சரி. வெளிச்சம் சரி. தடுப்பு சரி. தரை சரி. என் பட்டியலில் எல்லாமே சரியாக இருந்தது. "போதும், கொழந்தைய ரொம்ப அழவைக்காம முடிச்சுக்கலாம்" என்றார் பிரபு. இனியா அழவில்லை. வண்டிக்குள் ஏறிப் போய், நடுவில் நின்று மூச்சை இழுத்தாள்.

"அம்மா, இதுல வாசனையே இல்ல."

என்னிடம் தமிழில் சொன்னாள். பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்ததால் இருக்கலாம்.

அவள் இறங்கி லாயத்துக்கு ஓடினாள். பழைய படுக்கையிலிருந்து ஈரமும் சாணியும் கலந்த வைக்கோலை இரண்டு கையிலும் அள்ளி வந்து, நான் மூன்று சுற்று கழுவிய விரிப்பின்மேல் போட்டாள். மூலையில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம். சுவரிலும் ஒரு கை தேய்த்தாள். நான் ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.

பிறகு பிஸ்கட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ந்தா பாரு" என்றாள். "உன் ஊடுதான்டா இது. இன்னாத்துக்குப் பயந்துகினு கீற? ஏறு."

அது மூக்கை நீட்டி முகர்ந்தது. பெருமூச்சு விட்டது. பலகையில் நான்கு முறை டொக்கென்று சத்தம் கேட்டது. நான் தடுப்புக் கம்பியைப் போட்டேன்.

ஜோ காரிலிருந்து இறங்கி வந்தார். "இவ்வளவு நேரம் கேக்காதது இப்ப எப்படிக் கேட்டுது? என்ன சொன்ன?"

இனியா ஆங்கிலத்தில், "இது உன் வீடுன்னு சொன்னேன்" என்றாள். ஒரு நொடி கழித்து, "ஊடு" என்று திருத்தினாள்.

ஜோ அதையும் சொல்லிப் பார்த்தார். அவருக்கு வந்தது.

*

இன்றைய நிலை. பிஸ்கட் புதிய புல்வெளியில் மேய்கிறது, குத்தகை தொடர்கிறது. வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறது. வெளியே பொட்டு கிடையாது. உள்ளே கூரையின் மூலையில், மழை படாத இடத்தில் ஒன்று இருக்கிறது. பட்டியலின் கடைசி வரியாக 'ஒரு பிடி பழைய வைக்கோலை விட்டுவைக்கவும்' என்று சேர்த்திருக்கிறேன். இனியா என்னிடம் மறுபடியும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை லாயத்திலிருந்து நைனாவைக் கூப்பிட்டேன். "வண்டி எப்டி கீது?" என்று கேட்டார்.

"நல்லா கீது நைனா" என்றேன்.